தொண்ணூற்றைந்து மார்க்

ஜூன் 3, செவ்வாய்

ஆல்வின் இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தினமும் எழுதினால் மூளைக்கு நல்லதாம். முப்பத்திநாலு வருஷம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்து, அதில் பதினோரு வருஷம் தலைமையாசிரியையாக இருந்த தங்கபுஷ்பம் டீச்சருக்கு மகன் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறான். எழுதுகிறேன். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. ஜனவரியில் வந்த வாதம் இடது பக்கத்தோடு நின்றுவிட்டது. கை தொங்குகிறது, கால் இழுக்கிறது. அவ்வளவுதான்.

நான்கு மாதம் கோயம்புத்தூரில் அவன் வீட்டில் இருந்தேன். மருமகள் பிரிசில்லா நல்லவள்தான். நான் எழுந்தால் கூடவே எழுந்து வருவாள். ஓர் இடத்துக்கும் தனியாக விடமாட்டாள். எனக்கு அது ஒத்து வரவில்லை. சண்டை போட்டுத்தான் பாளையங்கோட்டைக்கு, என் வீட்டுக்கு வந்தேன்.

நேற்று கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலில் நின்றுகொண்டு அவன் சொன்னது:

“எம்மா, இருபத்தொம்பதாம் தேதி வரைக்கும் பாப்பேன். ஒரு டிரஸ்ட்ல ஒம் பேரக் கொடுத்திருக்கேன். வீட்டுக்கே வந்து பாப்பாங்க. பாத்ரூம்ல கம்பி, ஸ்டூலு, என்ன வேணுமோ அவங்களே மாட்டித் தருவாங்க. எல்லாம் மாட்டி, இந்தம்மா தனியா இருக்கலாம்னு அவங்க சொன்னா இரு. இல்லன்னா வண்டியக் கொண்டாந்து ஏத்திட்டுப் போயிருவேன். கோயம்புத்தூர்ல ஒரு ஹோம் பாத்து வச்சாச்சு.”

“ஏல, நான் என்ன அரிசி மூட்டையா, ஏத்துறதுக்கும் எறக்குறதுக்கும்?”

காரில் ஏறிவிட்டான். அவன் அப்பாவும் இப்படித்தான், பேச்சு முற்றும்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஜூன் 4, புதன்

முப்பிடாதி பதினொன்றரைக்கு வந்தாள். எங்கள் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்தவள். இனி தினமும் வந்து ஒரு வேளை சமைத்து, துணி அலசிப் போட்டுவிட்டு ஒன்றரைக்குப் போவாள்.

“என்ன டீச்சரம்மா ஸ்பூன்ல சாப்பிடுதிய? சோத்துக்கை நல்லாத்தான இருக்கு?”

கோயம்புத்தூர்ப் பழக்கம் என்றேன். ராத்திரிக்கு இரண்டு தோசை ஊற்றி வைக்கவா என்றாள். வேண்டாம் என்றேன். இப்போதெல்லாம் பசிப்பதே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

காலையில் பின்பக்கம் போய்விட்டு வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. காற்று நன்றாக இருந்ததால் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

டிரஸ்டிலிருந்து போன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு தெரபிஸ்ட் வருவாராம். நான் அன்றாட வேலைகளைச் செய்வதைப் பார்த்து மார்க் போடுவாராம்.

மார்க்! இதைச் சொல்ல வேண்டியதுதானே முதலிலேயே. ஆண்டாய்வு என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? பதினோரு வருஷம் அதிகாரிகளைச் சமாளித்து அனுப்பி வைத்திருக்கிறேன். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் முன் வரிசையில். தெரியாததுகள் ஜன்னலோரம், பெரிய பையன் முதுகுக்குப் பின்னால். கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நான் வலது கையைப் பார்த்துத்தான் எழுப்புவேன். அதிகாரி பார்த்தால் ஒரு வகுப்பு முழுக்கக் கை. ஒரு வருஷம் கூட எங்கள் பள்ளிக்குக் குறை எழுதியதில்லை.

முப்பிடாதியிடம் சொன்னேன். “டி.இ.ஓ. வாரதுக்கு முந்தின நாளு மாதிரியா?” என்றாள். அதே மாதிரிதான் என்றேன். அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

ஜூன் 11, புதன்

இன்று ஒத்திகை. கட்டில் தாழ்வாக இருப்பதால்தான் எழுந்திருக்கத் தாமதமாகிறது. நாலு காலுக்கும் செங்கல் வைத்தாயிற்று. சாப்பாட்டு மேஜை, தையல் மிஷின், இரண்டு நாற்காலி எல்லாவற்றையும் கட்டிலிலிருந்து அடுப்படி வரை ஒரே வரிசையாக நகர்த்தினோம். போகிற போக்கில் விரலை வைத்துக்கொண்டால் போதும். பீன்ஸ் கால் கிலோ நறுக்கி, அதில் கடைசி நாலு காயை மட்டும் முழுசாக விட்டு வைக்க ஏற்பாடு. நாளைக்குப் புடவை. முப்பிடாதி எட்டு மணிக்கே வந்து கட்டி விடுவாள். இந்த ஐந்து மாதமாக நைட்டிதான். ஜாக்கெட் கொக்கி ஒரு கைக்கு அடங்குவதில்லை.

ஜூன் 12, வியாழன்

வந்தாள். பெயர் செய்யதலி பாத்திமா, மேலப்பாளையத்துப் பிள்ளை. முப்பது வயது இருக்கலாம். தோளில் ஒரு பை, கையில் அளவு டேப், அட்டையில் செருகிய தாள். சிரிப்பதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்த முகம். தாளைப் பார்த்தேன், கேள்வித்தாளேதான். பத்துத் தலைப்பு, நூறு மார்க்.

“கட்டில்ல இருந்து நீங்களாவே எந்திரிப்பீங்களா டீச்சர்?”

“நானா எந்திரிக்காம யாரு வந்து தூக்குதா?”

எழுந்து காட்டினேன். குனிந்து செங்கல்லைப் பார்த்தாள். நடந்து காட்டினேன். தரையில் மேஜைக்கால் இருந்த பழைய தடத்தைப் பார்த்தாள்.

“மேஜைய இப்பத்தான் நகத்துனீங்களோ?”

“என் வீடு. என் மேஜை. நெனைச்ச எடத்துல போடுவேன்.”

பீன்ஸ் நறுக்கினேன். புடவை நானே கட்டினேன் என்றேன். கதவுக்குப் பின்னால் நின்ற முப்பிடாதி இருமினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் அந்தக் கேள்வி.

“கக்கூஸ்ல உக்காந்து எந்திரிக்கிறது எப்படி? ஒரு தடவ காமிக்கிறீங்களா?”

“ஒங்க வீட்டுல பெரியவங்கள்ட்ட இப்படித்தான் கேப்பியா?”

“கேட்டிருக்கேன். எந்தக் கையால கழுவுறீங்க?”

சீ! மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அடுப்படியில் எதுவோ விழுந்தது. நல்லாத்தான் போறேன், நல்லாத்தான் கழுவுறேன், எழுதிக்கோ என்றேன்.

அவள் பேனாவை மூடி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “டீச்சர், இது பரீட்சை இல்ல. உள்ளத உள்ளபடி சொன்னாத்தான் நான் வந்ததுக்குப் பிரயோஜனம்.”

“உள்ளதத்தான் சொல்லுதேன். நான் பொய் சொல்லுதேன்னு சொல்லப்போறியா?”

எழுதினாள். தொண்ணூற்றைந்து. படியேற ஆள் வேண்டும் என்று நானே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டதில் ஐந்து போயிற்று. தாளின் ஓரத்தில் அவள் போன் நம்பரை எழுதி, ஒரு நகலைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தொண்ணூற்றைந்து! அறுபத்தாறு வயதில், ஒரு பக்கம் விழுந்த உடம்புக்கு! ஆல்வினுக்கு உடனே போன் பண்ணினேன். “சரி, கம்பி எப்ப மாட்டுவாங்க?” என்றான். தாயார் முதல் மார்க் வாங்கியிருக்கிறாள், ஒரு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 14, சனி

அன்றைக்குப் புடவையை அவிழ்க்கும்போது ஜாக்கெட் கொக்கி ஒன்று பிய்ந்தது. மறுபடி நைட்டி. காலையில் ஒரு ரஸ்க்.

ஜூன் 17, செவ்வாய்

ஐந்து நாளாகியும் ஒருத்தனும் வரவில்லை. டிரஸ்டுக்கு நானே பேசினேன். எவனோ ஒருவன் எடுத்தான்.

“மேடம், அறுபது மார்க்குக்குக் கீழ உள்ளவங்களுக்குத்தான் சாமான். உங்களுக்கு ஒண்ணுமே தேவையில்லன்னுல்லா ரிப்போர்ட்டு. வேணும்னா ஒரு கம்பு தாரோம், ஊணிக்கிடலாம்.”

அந்தக் கம்பை வைத்து அவன் மண்டையில் போடலாம் போல வந்தது. எந்த ஊர் நியாயம் இது? ஃபெயிலானவனுக்குப் பரிசு, பாஸானவளுக்குக் கம்பு! போனை வைத்துவிட்டு முப்பிடாதி மேல் எரிந்து விழுந்தேன், சாம்பாரில் உப்பு இல்லை என்று. உப்பு இருந்தது.

கடையில் வாங்கி மாட்ட வேண்டியதுதானே என்று எவரும் கேட்கலாம். எதை வாங்க? எந்தச் சுவரில், எந்த உயரத்தில்? யாரோ ஒரு பிளம்பரை நிறுத்தி வைத்து, நான் எப்படி உட்காருகிறேன், எந்தக் கையால் என்று... இந்தப் பேச்சு போதும்.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கம்பி இல்லாத வீட்டைப் பார்த்தால் ஆல்வின் ஏற்றிவிடுவான்.

ஜூன் 19, வியாழன்

காலையில் குளியலறையில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணி இருக்கும். பிடிக்க எதுவும் இல்லாமல் துண்டு போடும் கம்பியைப் பிடித்தேன். அது சுவரோடு கையில் வந்துவிட்டது. அந்தக் கொத்தனார் வேலை அப்படி. தரை குளிர்ச்சியாக இருந்தது. நைட்டி நனைந்துவிட்டது, தண்ணீர்தான். வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். பதினாறாம் வாய்ப்பாட்டில் ஓர் இடத்தில் மறந்து மறந்து போயிற்று. திரும்ப முதலிலிருந்து.

பதினொன்றரைக்கு முப்பிடாதி வந்தாள். பின்கதவைத் தள்ளித் திறந்தவள் என்னைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். அவள் ஏன் அழ வேண்டும்? இடுப்பில் கொஞ்சம் நீலம் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

இன்று முப்பிடாதிக்கும் எனக்கும் பெரிய சண்டை.

“ஆல்வின் தம்பிக்குப் போன் போடப் போறேன்.”

“போட்டேன்னா இந்த வீட்டுப் படிய மிதிக்காத.”

“டீச்சரம்மா, அன்னைக்கு மேஜையத் தூக்கி வச்சதும் நானு, பீன்ஸ நறுக்குனதும் நானு. எனக்கும் அந்தப் பாவத்துல பங்கு உண்டு. முழுப் பூசணிக்காய சோத்துக்குள்ள மறைச்சோம்லா ரெண்டு பேரும்? நீங்க உள்ளதச் சொல்லியிருந்தா இந்நேரம் கம்பி வந்திருக்கும். மூணரை மணி நேரம் ஈரத்துல கெடந்தியளே!”

“உட்கார்ந்திருந்தேன்” என்று திருத்தினேன்.

“என்னத்தையோ இருந்திய. காலைலயும் திங்க மாட்டேங்கிய, ராத்திரியும் திங்க மாட்டேங்கிய. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியளா? தின்னா போகணும், போனா...”

டம்ளரை எறிந்தேன். அவள் மேல் படவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, “எறிஞ்ச கைக்குப் பசிக்கும், சோறு சட்டிக்குள்ள இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேலைக்காரிக்கு என்ன வாய்! இருபது வருஷமாகக் கொடுத்த இடம்.

ஜூன் 21, சனி

முப்பிடாதி வரவில்லை. ரஸ்க் இரண்டு.

ஜூன் 22, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணினேன். வாயைத் திறந்தால் ஆண்டவரிடத்திலும் “நான் நல்லா இருக்கேன்” என்றுதான் வருகிறது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆல்வின் பேசினான். சாப்பிட்டியா என்றான். சாப்பிட்டேன் என்றேன். கம்பி மாட்டியாச்சா என்றான். மாட்டுகிறார்கள் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.

ஜூன் 23, திங்கள்

இரண்டு தடவை நம்பரை அழுத்திவிட்டு நிறுத்தினேன். மூன்றாம் தடவை பேசினேன்.

“திரும்ப ஒருக்க வந்து பாக்கணும்” என்றேன்.

“ஏன் டீச்சர், மார்க்க கூட்டணுமா?” என்றாள் பாத்திமா. என்ன திமிர்!

“கொறைக்கணும்.”

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “நாளைக்கு ஒம்பது மணிக்கு வாரேன். மேஜையத் தொடாதீங்க. ஆளு யாரையும் வச்சுக்காதீங்க” என்றாள். தலைமையாசிரியைக்குச் சுற்றறிக்கை!

ஜூன் 24, செவ்வாய்

வந்தவள் உட்காரக்கூட இல்லை. “காலைல எந்திரிச்சதுல இருந்து ஆரம்பிங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க” என்றாள்.

செங்கல்லை எடுத்துவிட்டாள். கட்டிலிலிருந்து எழ எனக்கு ஏழு முயற்சி. மேஜையை முப்பிடாதி முன்பே பழைய இடத்துக்கு நகர்த்தியிருந்ததால் அடுப்படிக்குச் சுவரைத் தடவிக்கொண்டு போனேன். ஒரு கத்திரிக்காயை நறுக்கச் சொன்னாள். அது உருண்டு ஓடியது. பிடிக்க இன்னொரு கை இல்லாமல் தாடையால் அழுத்தினேன். இதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் பின்பக்கம். எங்கள் வீட்டில் இருப்பது குத்துக்கால் வைத்து உட்காரும் கக்கூஸ். நைட்டியோடேதான் காட்டினேன், இருந்தாலும் உடம்பெல்லாம் கூசியது. குழாயைப் பிடித்து இறங்கிவிடலாம். எழ முடியாது. அப்படியே பின்னால் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, ஈரத்தோடு பின்புறமாக நகர்ந்து நகர்ந்து கதவு வரை வந்து, நிலையைப் பிடித்து எழ வேண்டும். அதற்குத்தான் ஐம்பது நிமிஷம். அவள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவைகூடக் கை கொடுக்க வரவில்லை. அதற்காக அவளைத் திட்டினேன். “நான் கை கொடுத்தா மார்க்கு ஏறிரும் டீச்சர்” என்றாள்.

திரும்ப வந்து உட்கார்ந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“வலது கையால.”

“ம்.”

“அதே கையால எப்படிச் சோத்தப் பெசையிறது? எத்தன சோப்புப் போட்டாலும் மனசு வரல. ஸ்பூன்ல தின்னாலும், அதப் பிடிக்கிறதும் அந்தக் கைதான. அதான் ஒரு வேளை மட்டும் திங்கேன். சில நாளு அதுவும் இல்ல.”

அழுதேன். எழுதித்தான் வைக்கிறேன்: அழுதேன், மூக்கு ஒழுக அழுதேன், துடைக்க அந்த ஒரு கைதான் இருந்தது. அவள் தேற்றவில்லை. என் முதுகில் தட்டவில்லை. தாளில் எழுதிக்கொண்டே சொன்னாள்: “இதச் சொல்லாமலே எளைச்சுப் போறவங்க எத்தனையோ பேரு. கைக்கு வேலை இல்லாமப் பண்ணிருவோம். உக்காந்தபடியே பீச்சிக்கிற குழா ஒண்ணு இருக்கு, வலப்பக்கம் மாட்டணும். கக்கூஸ் மேலயே வைக்கிற மாதிரி ஸ்டூலு. கம்பி ரெண்டு. அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே வந்திருக்கும். ஒங்களுக்குன்னு நான் எடுத்து வச்ச ஸ்டூல வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. இனி வெள்ளிக்கிழமதான்.”

“திட்டாத. நான் ஒன்னய விட மூத்தவ.”

“மூத்தவங்கதான் அதிகமாப் பொய் சொல்றாங்க.”

நாற்பது மார்க். பள்ளிக்கூடத்தில் நான் நாற்பது வாங்கியவர்களை முட்டி போட வைத்திருக்கிறேன்.

பதினொன்றரைக்கு முப்பிடாதி ஒன்றுமே நடக்காதது போல உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

பாத்திமாவும் ஒரு மெக்கானிக்கும் வந்தார்கள். மெக்கானிக் கம்பியைச் சுவரில் வைத்து அளக்கப் போனான். அவள் அவனைத் தள்ளி நிறுத்திவிட்டு, என்னை உட்காரவைத்து, “இப்ப எந்திரிங்க. கை தானா எங்க போகுது?” என்றாள். கை போன இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் துளை. இதற்காகவா காட்டமாட்டேன் என்று இத்தனை நாள் அடம்பிடித்தேன்?

காய் நறுக்க ஒரு பலகை, நடுவில் இரண்டு ஆணி. கத்திரிக்காயை அதில் குத்திவிட்டால் ஓடாது. கட்டில் காலுக்குச் செங்கல் வேண்டாம், ஆடும் என்று மரக்கட்டை வைத்தாள். செங்கல் யோசனை சரிதான் என்று போகிற போக்கில் ஒப்புக்கொண்டாள்.

அப்புறம் விழுந்தால் எழுவது எப்படி என்று பாடம். தரையில் என்னைப் படுக்கப் போட்டு, ஒருக்களித்து, உட்கார்ந்து, முக்காலி வரை நகர்ந்து, வலது கையை முக்காலியில் ஊன்றி, வலது முட்டி போட்டு... நாலு தடவை செய்ய வைத்தாள். “நான் விழ மாட்டேன்” என்றேன். “விழுவீங்க” என்றாள். கருநாக்கு.

“தனியா இருக்கலாம்னு எழுதித் தருவியா?” என்று கேட்டேன்.

“மார்க் நாப்பதுதான் டீச்சர். அது மாறாது. சாமான் இருந்தா சமாளிப்பாங்கன்னு எழுதறேன். இருக்கிறதும் போறதும் ஒங்க வீட்டுப் பேச்சு.”

ஜூன் 29, ஞாயிறு

கோவில் விட்டு வருகிற நேரத்துக்கு ஆல்வின் வந்தான். தனியாகத்தான் வந்தான். காரில் பின்சீட்டை மடக்கி இடம் பண்ணியிருந்தான், என் பெட்டிக்கு. மேஜையில் இரண்டு தாளும் இருந்தன. எடுத்துப் பார்த்தான்.

“அன்னைக்கு தொண்ணூத்தஞ்சுன்ன. இதுல நாப்பதுன்னு இருக்கு. பன்னெண்டு நாளைக்குள்ள இவ்வளவு எறங்கிட்டியா?”

“எறங்கல. அது பொய்யி. இது நெசம்.”

“நாப்பது மார்க்க வச்சுக்கிட்டு தனியா இருக்கப் போறியா? என்ன வெளாடுதியா? பெட்டிய எடு.”

“எடுக்க மாட்டேன்.”

“எம்மா, ஊர்ல என்னயத்தான் காறித் துப்புவான், ஒன்னய இல்ல. தாயத் தனியா விட்டுட்டான்னு.”

“துப்பட்டும். தொடச்சுக்கோ. ஒனக்கு ரெண்டு கை இருக்கு.”

முகம் சிவந்துவிட்டது அவனுக்கு. நேரே உள்ளே போய் என் துணிகளை எடுத்துக் கட்டிலில் போட ஆரம்பித்தான். நான் தாளை எடுத்தேன். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரல் இன்னும் இருக்கிறது எனக்கு, அது விழவில்லை. வாசித்தேன். குளிப்பது, பூஜ்யம். உடுத்துவது, ஐந்து. வரி வரியாக. கக்கூஸில் எப்படி உட்காருவேன், எப்படி ஈரத்தில் நகர்ந்து வருவேன், பத்தொன்பதாம் தேதி எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை எங்கே கிடந்தேன். நைட்டி நனைந்தது தண்ணீரால் மட்டும் இல்லை என்பது. எந்தக் கையால் கழுவினேன், எதனால் சாப்பிடவில்லை.

“எம்மா, போதும்.”

“போதாது. உக்காரு.”

கட்டிலில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தான். “எங்க வீட்டுல நாலு மாசம் இருந்தியே. அங்க ஒரு கொறையும் இல்லையே?”

“அங்க பிரிசில்லா கழுவி விட்டா.”

நிமிர்ந்து பார்த்தான்.

“ஒங்கிட்டச் சொல்லலியா? சொல்ல மாட்டா. நல்லவ. நாலு மாசம், தெனமும். மொகத்த ஒரு நாள் சுளிக்கல. அவ சுளிச்சிருந்தாக்கூட நான் அங்கயே கெடந்திருப்பேன். அதுக்குத்தான் சண்டை போட்டுட்டு ஓடி வந்தேன். நீ பாத்து வச்சிருக்கியே ஹோமு, அங்க டிவி இருக்கு, டைனிங் ஹால் இருக்குன்னு சொன்னியே. அங்க யாரு கழுவி விடுவா? அதக் கேட்டியால நீ?”

அவன் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாற்பத்தொரு வயது ஆள், கீழே குனிந்து என் உள்பாவாடை ஒன்றை மடித்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. “நான் ஒருத்தி போற எடத்துக்கு நானே போயி, நானே கழுவிட்டு வரணும். அதுக்குத்தான் இந்த வீடு. வேற ஒரு மண்ணுக்கும் இல்ல” என்றேன்.

எழுந்து பின்பக்கம் போனான். கம்பியைப் பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கியிருப்பான் போல, மூச்சுச் சத்தம். குழாயைத் திறந்து மூடினான். ஸ்டூலை நகர்த்தினான். வெகுநேரம் கழித்து வந்தான்.

“ஆடல” என்றான்.

“ஆடாது.”

“இருந்து தொல. ஆனா ஒண்ணு. இனிமே எங்கிட்ட நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னு கத விடக் கூடாது. விழுந்தா விழுந்தேன்னு சொல்லணும். அன்னைக்கே சொல்லணும். ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னேன்னு தெரிஞ்சுது, அடுத்த நாளு வண்டியோட நிப்பேன். கால்ல விழுந்தாலும் கேக்க மாட்டேன்.”

“சரி.”

“சத்தியமா?”

“ஏல, தாயிட்டயே சத்தியம் கேக்கியா?”

“ஒங்கிட்டத்தான் கேக்கணும்.”

சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டான். முப்பிடாதி மீன் குழம்பு வைத்திருந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை.

ஜூன் 30, திங்கள்

காலையில் இட்லி மூன்று. பின்பக்கம் பன்னிரண்டு நிமிஷம்.

ஜூலை 2, புதன்

பிரிசில்லா பேசினாள். “ஏன் அத்த அவங்ககிட்டச் சொன்னீங்க?” என்று கோபப்பட்டாள். இரண்டு நாளாக அவளிடம் முகம் கொடுத்துப் பேச அவனுக்குக் கூச்சமாம். நல்லது, கூசட்டும் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

காலை ஏழரைக்கு அடுப்படியில் விழுந்தேன். காபித் தூள் டப்பாவை எட்டி எடுக்கும்போது இடது கால் மடங்கிவிட்டது. பக்கவாட்டில் விழுந்தேன். தோள் அடிபட்டது. தலையில் படவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு ஒருக்களித்தேன். உட்கார்ந்தேன். முக்காலி எங்கே என்று பார்த்தால், சனியன், முப்பிடாதி அதை வாசல் பக்கம் போட்டிருக்கிறாள். அதுவரை நகர்ந்தேன். கையை ஊன்றி முட்டி போட்டேன், சறுக்கிற்று. இரண்டாம் தடவை ஏறிவிட்டேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம். காபித் தூளைக் கூட்டி அள்ளினேன். நைட்டி மாற்றினேன். வீட்டைப் பார்த்தால் ஒன்றும் நடந்த மாதிரியே தெரியவில்லை.

யாரும் பார்க்கவில்லை. முப்பிடாதி வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தோளில் அடிபட்டது நைட்டிக்குள்ளே போய்விடும். சொன்னால் வண்டியோடு வந்து நிற்பானோ என்னவோ. விட்டுவிட்டு வந்து நாலு நாள்கூட ஆகவில்லையே, அதற்குள்ளா என்பான். சொல்லாமல் விட்டால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. காபி ஆறும் வரை இதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், போனைத் தலையணைக்கு அடியில்கூட வைத்தேன்.

எட்டரைக்குக் கூப்பிட்டேன்.

“என்னம்மா?” என்றான். ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரம்.

“விழுந்துட்டேன்.”

எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ஆபீஸ் பையாக இருக்கும்.

“எங்க?”

“அடுப்படில. தோள்ல அடி. தலைல இல்ல.”

“யாரு தூக்கி விட்டா?”

“ஒருத்தரும் இல்ல. நானே எந்திரிச்சேன்.”

“எப்படி?”

சொன்னேன். ஒருக்களித்ததிலிருந்து முக்காலி சறுக்கியது வரை ஒன்று விடாமல் சொன்னேன்.

“முக்காலிய எதுக்கு வாசல்ல போட்டிய? அடுப்படிலல்லா கெடக்கணும்? அறிவு வேண்டாமா ரெண்டு பேருக்கும்?” என்று கத்தினான். கையைத் தூக்கித் தோள் வலிக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். எக்ஸ்ரே எடுக்கணும், முப்பிடாதியைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே போகணும், சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுவேன், எடுக்கவில்லை என்றால் தெரியும் சேதி என்றான். நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கோபத்தோடேதான் போனை வைத்தான்.

வைத்தானே தவிர, வண்டியோடு வருகிறேன் என்று சொல்லவில்லை.